டீச்சரின் தொண்டையும் பிள்ளையின் குரலும்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர் கையில் குரோமியப் புண் வந்தால், அது தொழிலால் வந்த நோய் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் குரோமியப் புண்ணையும் ஆந்த்ராக்ஸையும் இரைச்சலால் வரும் காது மந்தத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதே தொழிலாளியின் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிற ஆசிரியையின் தொண்டை பழுதானால், அதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. "சுக்குக் கஷாயம் போட்டுக் குடிங்க டீச்சர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நான் இந்தப் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்களை ஒட்டியே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஓடுகின்றன. வேலூர் வெயிலில் மின்விசிறியை நிறுத்த முடியாது. ஜன்னலைச் சாத்தவும் முடியாது. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு நம் வகுப்புக்குள் கேட்கும். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபின், ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் மூன்று வேலை செய்கிறார்கள். பாட்டும் கதையும் பொம்மையுமாக நடக்கும் அந்த முறை எனக்குப் பிடிக்கும். ஆனால் பாடுவதும் கதை சொல்வதும் ஆசிரியையின் தொண்டைதானே. அதற்கு மட்டும் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதக் குரல் தானாக உயரும். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார் 1911-இல் இதை எழுதினார், இன்றும் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். வகுப்பறையில் இது இரு பக்கமும் நடக்கிறது. நான் உயர்த்தினால் பிள்ளைகள் உயர்த்துவார்கள், அவர்கள் உயர்த்தினால் நான். பெண்ணின் குரல்நாண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 முறை மோதிக்கொள்கின்றன. ஆணுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலும் பெண்களே கற்பிக்கிறோம். நாள் முழுக்க உரக்கப் பேசினால் அந்த நாண்களில் காய்ப்பு விழுவதில் என்ன ஆச்சரியம்?

அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கெட்டவர்கள் ஆசிரியர்களில் 57.7 விழுக்காடு, மற்றவர்களில் 28.8 விழுக்காடு. போலந்து நாடு ஆசிரியர்களின் நாட்பட்ட குரல்நோயைத் தொழில்நோயாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இது ஆசிரியர் சங்கக் கோரிக்கை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். என் கவலை பிள்ளைகளைப் பற்றியதும்தான். டீச்சர் கத்தும் வகுப்பில் பிள்ளைக்குக் கிடைப்பது கோரஸ் ஒன்றே. முன்னால் ஒருவர் சொல்ல, நாற்பது வாய் திருப்பிச் சொல்லும். வெளியே நின்று கேட்பவருக்குப் பாடம் பிரமாதமாக நடப்பதுபோல் இருக்கும். அந்தக் கோரஸுக்குள் ஒரு குழந்தை வருடம் முழுக்க ஒளிந்திருக்க முடியும்.

அப்படி ஒரு சிறுமி என் வகுப்பில் இருந்தாள். வீட்டில் உருது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கங்களில் இது சாதாரணம். தமிழ் அவள் காதுக்குத் தெருவில் மட்டும் கேட்ட மொழி. பாட்டு நேரத்தில் உதடு அழகாக அசையும், சத்தம் வராது. பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக "மழை" என்று சொல்லி, நாக்கு எப்படி மேலே வளைகிறது என்று வாயைத் திறந்து காட்டினேன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்று வந்தது "மலை"தான். ஆனால் அது அவள் குரல், தனியாக வந்த குரல். சில வாரங்களில் 'ழ' வந்தது. கரும்பலகைப் பக்கம் நின்று எத்தனை சத்தமாகச் சொல்லியிருந்தாலும் அது வந்திருக்காது, ஏனென்றால் அந்த ஒலியைக் காதால் மட்டும் பிடிக்க அவளால் முடியவில்லை, கண்ணாலும் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் பிள்ளைகள் பலரின் அம்மாக்கள் ஷூ கம்பெனியில் 'அப்பர்' என்கிற மேல்பாகத்தைத் தைக்கிறார்கள். காலையில் கம்பெனி வண்டி வருவதற்குள் சமையலை முடிக்க வேண்டும், திரும்பி வந்ததும் மறுபடி அடுப்படி. பிள்ளை சொல்லும் கதையை உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? குறை சொல்லவில்லை, அவர்கள் உழைப்பில்தான் இந்த ஊர் நடக்கிறது. அதனால்தான் ஒரு பெரியவர் ஒரு குழந்தையின் பேச்சை ஒரு நிமிடம் முழுதாகக் கேட்கும் இடமாகப் பள்ளி இருக்க வேண்டும் என்கிறேன்.

இது நடக்காத காரியம் இல்லை. செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் வந்தபோது, டீச்சர் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கினார். அந்த முறையின் கற்றல் அட்டைகளைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இடையே இருந்த தூரத்தை அது குறைத்தது. தூரம் குறைந்தால் சத்தம் குறையும்.

சத்தம் போடாத டீச்சருக்கு வகுப்பு அடங்காது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கைத்தாளம் ஒன்று பழக்கிவைத்தால் போதும். நான் இரண்டு தட்டுத் தட்டினால் பிள்ளைகள் மூன்று தட்டித் திருப்புவார்கள், அறை அமைதியாகிவிடும். அதற்குப் பிறகு தாழ்ந்த குரலில் சொல்வதைப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் டீச்சரின் சாமர்த்தியத்தில் விட்டுவிடக் கூடாது. 2002-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், குரல் கெட்ட ஆசிரியர்களில் சிலருக்கு உடலில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கி கொடுத்தார்கள், சிலருக்குக் குரல் பேணும் அறிவுரை மட்டும் தந்தார்கள். தேறியவர்கள் ஒலிபெருக்கிக்காரர்கள். அறிவுரை பெற்றவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. தண்ணீர் குடியுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினால் போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வெங்காயம் விற்கும் ஆட்டோவில்கூட ஒலிபெருக்கி இருக்கும் காலம் இது. வகுப்பறைக்குள் இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே வழிகாட்டியது. புதிய கட்டடம் கட்டும்போதாவது வகுப்புகளுக்கு நடுவே முழுச் சுவர் எழுப்புங்கள், சாலைப் பக்கம் வகுப்பறையை வைக்காதீர்கள்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பேச்சு, செவித்திறன் நிபுணர்களை உருவாக்கும் பட்டப்படிப்பே நடக்கிறது. நாங்கள் பயிற்சிக்குப் போகும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ராணிப்பேட்டையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. பள்ளிக் கல்வித் துறை அந்த நிபுணர்களை அழைத்து, மூச்சை எங்கிருந்து எடுப்பது, குரலை எப்படி முன்னால் கொண்டுவருவது, எந்த அறிகுறி வந்தால் மருத்துவரிடம் போவது என்று எங்களுக்குக் கற்றுத்தரட்டும். ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், தொடங்கிவிடலாம்.