கொழுந்துக்கு லொறி வருகிறது, பிள்ளைக்கு பஸ் எங்கே?

"தோட்டத்து இளசுகளுக்கு மலையேற வெட்கம். அதனால்தான் டவுனுக்கு ஓடுகிறார்கள்." பேச்சுவார்த்தை மேசையிலும் ஆபீஸ் வாசலிலும் இந்தக் கதையைத்தான் கேட்கிறோம். நம்முடைய ஆட்கள் சிலரும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். நான் மறுக்கிறேன். எங்கள் டிவிஷனிலிருந்து மூட்டை கட்டிப் போனவர்களை வழியனுப்பியவள் நான். எனக்குத் தெரிந்து வெட்கத்தால் போனவர் ஒருவருமில்லை. பாதை இல்லாமல், பஸ் இல்லாமல் போனார்கள்.

போன வருஷம் போன குடும்பத்தைச் சொல்கிறேன். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. மகள் என்னிடம் படித்து, சாதாரணதரம் சித்தியடைந்து, டவுன் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குப் போனாள். விடிய ஐந்தரைக்கு டோர்ச் லைட்டோடு இறங்கினால்தான் சந்தியில் பஸ் பிடிக்கலாம். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை. வருஷத்துக்கு 200 பாடசாலை நாள் என்று வைத்தால் 600 மணித்தியாலம். டவுன் பிள்ளை படிக்கிற நேரத்தை நம் பிள்ளை பாதையில் செலவழிக்கிறது. டியூஷன் முடிவது மாலை ஆறுக்கு, கடைசி பஸ் ஐந்தரைக்கு. ஆட்டோ பிடித்தால் போய்வர 1,400 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அம்மா ஒரு நாள் முழுக்க மலையில் நின்றாலும் ஆட்டோவுக்கு 50 ரூபாய் குறையும்!

கடைசியில் டவுன் ஓரத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார்கள். "டீச்சர், லயத்துக் காம்பராவை விட அது சின்னது. ஆனா புள்ள இருட்டுல நடக்கத் தேவையில்ல" என்றார் அந்த அக்கா. இருபது வருஷம் பேர் போட்ட மனுஷி. அவரா வேலைக்கு வெட்கப்பட்டவர்?

நம் லயங்கள் ஏன் இப்போது இருக்கிற இடத்தில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். தப்பு அடித்தவுடன் பிரட்டுக்கு ஆள் சேர வேண்டும், அதற்காகத்தான். பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு தூரம் என்று வெள்ளைக்காரத் துரை அளந்து பார்க்கவில்லை. ரயில் பாதை 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் வந்தது. முதலில் கோப்பி, பிறகு தேயிலை கொழும்புத் துறைமுகம் போய்ச் சேரத்தான் அந்தப் பாதை. இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடம்வரை லொறி வருகிறது. லொறிப் பாதை உடைந்தால் ஒரு கிழமைக்குள் கல் விழும். லயத்துப் பாதை உடைந்தால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அம்புலன்ஸ் ஏற முடியாமல், கர்ப்பிணிப் பெண்ணைக் கம்பளியில் வைத்துச் சந்திவரை தூக்கி இறக்கிய இரவை நாங்கள் மறக்கவில்லை.

தோட்டப் பாதைக்குச் செலவழிக்கச் சட்டம் இடம் தராது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவைக் காட்டினார்கள். அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இப்போது கம்பனி சபையைக் காட்டுகிறது, சபை கம்பனியைக் காட்டுகிறது. நடுவில் நம் பிள்ளைகள் சேற்றில் நடக்கிறார்கள்.

வீட்டுத் திட்டத்துக்கு வருவோம். தனி வீடு நாம் போராடிப் பெற்ற உரிமை. இந்திய உதவியில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் நமக்குப் பெரிய விஷயம்தான். 7 பேர்ச் காணி நமக்குக் கிடைப்பதும் பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் காணி எங்கே என்று காட்டுவது யார்? தேயிலை சரியாக வராத மூலையைக் காட்டிக் கைகழுவினால், நாம் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறோம். 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து உயிர்கள் போனபின், மண் தாங்குமா என்றாவது கேட்கப் பழகினோம். பஸ்ஸுக்கு எத்தனை நிமிஷம் நடக்க வேண்டும் என்று கேட்பவர் யார்? எங்கள் பக்கத்துத் திட்டத்தில் மூன்று புது வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் டவுனில் வாடகை கட்டுகிறார்கள்.

இதில் சங்கத்துக்கும் பங்கு உண்டு. சாவி கொடுக்கிற அன்று படம் எடுத்தோம். அந்த வீட்டிலிருந்து சந்திவரை ஒருநாளாவது நடந்து பார்த்தோமா? "கிடைக்கிற வீட்டையும் கெடுத்துவிடாதீர்கள்" என்று சிலர் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கக்கூடிய இடத்தில் வீடு கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே நம் கோரிக்கை மூன்று:

1. வீட்டுக்கு இடம் தெரிவு செய்யுமுன் தோட்டக் கமிட்டி, பெண் உறுப்பினர்களோடும் ஒரு பாடசாலைப் பிள்ளையோடும் சந்திவரை நடந்து பார்க்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் போனால், பாதைக்கும் பஸ்ஸுக்கும் எழுத்தில் உறுதி கிடைக்கும்வரை கையெழுத்து வைக்கக் கூடாது.

2. லயங்களுக்கும் வீட்டுத் திட்டங்களுக்கும் போகும் பாதைகளைக் கம்பனி எழுத்தில் பிரதேச சபையிடம் ஒப்படைக்க வேண்டும். சபை அவற்றைத் திருத்தப் பணம் ஒதுக்க வேண்டும்.

3. காலையில் ஒரு பஸ், டியூஷன் முடிந்தபின் ஒரு பஸ் தோட்டத்துக்குள் வர வேண்டும். 'சிசு சரிய' பாடசாலை பஸ் நம் பிள்ளைகளுக்கும் உரியது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாள் கொண்டுவாருங்கள். உங்கள் லயத்திலிருந்து பஸ்ஸுக்கு, பாடசாலைக்கு, ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும், அந்தப் பாதையில் தினமும் நடப்பவர்கள் அவர்கள்தானே. அந்தத் தாள்களை மேசையில் வைத்துப் பேசுவோம். வெட்கப்பட்டு ஓடுகிறார்கள் என்று அதன்பிறகும் யார் சொல்கிறார் என்று பார்ப்போம்.