ஃப்யூஸ் மேல என்ன தப்பு?

எங்க வீட்டு பழைய காரில் நாலு மாசமா ஒரே ரோதனை. ராத்திரியில் பின் விளக்குகள் திடீர்னு அணைஞ்சிடும். பார்த்தால் 10 ஆம்பியர் ஃப்யூஸ் (சிவப்பு கலர்ல இருக்குமே, அதேதான்) போயிருக்கும். புதுசு போட்டால் ரெண்டு நாளோ பத்து நாளோ ஓடும். மறுபடி அவுட்.

மூணாவது தடவை பட்டறைக்குப் போனப்ப எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு பச்சை ஃப்யூஸைச் செருகினார். "30 ஆம்பியர் தம்பி, இனிமே போகவே போகாது." அப்பாவுக்கு பரம சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஃப்யூஸ் இருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். பின் விளக்குக்குப் போகும் சன்னமான வயருக்கு 10 ஆம்பியர் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே 30 போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃப்யூஸ் சும்மா இருக்கும், வயரின் உறை உருகும். அதுவும் சீட்டுக்கு அடியில், நாம் உட்கார்ந்திருக்கும்போதே! குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருடன் போய்விட்டான் என்று தூங்குவது மாதிரிதான் இது.

அன்று சாயங்காலமே பச்சையைப் பிடுங்கிவிட்டேன். அந்த ஃப்யூஸில் எரியும் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஃப்யூஸ் இடத்தில் ஒரு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டினேன். ஷார்ட் இருந்தால் மட்டும்தான் இது எரியும். எரிந்தாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது, வயருக்கு ஆபத்தில்லை. பிறகு பார்க்கிங் லைட் ஸ்விட்சைப் போட்டு, வயரை முன்னாலிருந்து ஒவ்வொரு இடமாக ஆட்டிக்கொண்டே போனேன். ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே இல்லை. கடைசியில் டிக்கியைத் திறந்ததும் பல்பு பளிச்! கீல் பக்கத்தில் வயர் மடங்கி மடங்கி, உறை வெடித்து, செம்பு பாடியில் உரசிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை மாற்றி, ஸ்லீவ் போட்டு, பழைய சிவப்பு ஃப்யூஸையே மாட்டினேன். ஆறு மாசமாச்சு, இன்னும் போகவில்லை.

இப்ப என் கருத்து. தப்பு அந்த அண்ணன் மேல் மட்டுமா? "ரெண்டு மணி நேரம் தேடணும், 500 ரூபாய் ஆகும்" என்று அவர் சொல்லியிருந்தால், "எதையுமே மாத்தலையே, எதுக்குய்யா காசு?" என்றுதான் அப்பா கேட்டிருப்பார். நானும் தலையாட்டியிருப்பேன். டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கு ஃபீஸ் தருகிற நாம், மெக்கானிக் தேடுவதற்குத் தருவதில்லை. மாட்டிய சாமானுக்கு மட்டும்தான் காசு. அப்புறம் அவர் ஏன் தேடப்போகிறார்? எர்த் வயர் துருப்பிடித்ததற்கு பேட்டரியை மாற்றுவதும் இப்படித்தான் நடக்கிறது.

இன்னைக்கே உங்க காரின் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, மூடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்க. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இருந்தால், யாரோ உங்க வீட்டு நாயின் வாயையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.