திடலுக்குள் கட்சி வேண்டாம்

நீலாயை அடுத்த சிப்பாங்கில் 1998-இல் கேஎல்ஐஏ விமான நிலையம் திறக்கப்பட்டது. விமானங்களைப் பார்த்தே வளரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாதிரி விமானத்திலும் ட்ரோனிலும் ஆசை வருவது இயல்பு.

ஆனால், 2016 சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின்படி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. மற்ற இடங்களிலும் 400 அடிக்கு மேல் கூடாது. இதைப் புதியவருக்குச் சொல்லித்தர வேண்டியது பொழுதுபோக்கு விமானக் கழகங்கள்தான். அங்கே, "நீங்கள் ம.இ.கா.வா, ஜ.செ.க.வா?" என்ற பேச்சு எழுந்தால் அவர் மறுவாரம் வரமாட்டார், தனியாகப் பறக்கவிட்டு வழக்கில் மாட்டிக்கொள்வார்.

2018-இல் எதிரெதிராக நின்ற பக்காத்தான் ஹராப்பானும் தேசிய முன்னணியும் 2023 நெகிரி செம்பிலான் தேர்தலில் கைகோத்து, 36 தொகுதிகளில் 31-ஐ வென்றன. தலைவர்களே சேர்ந்துவிட்ட பிறகு, திடலில் நமக்குள் ஏன் பகை? அரசியலை ஒட்டுக்கடையில் பேசிக்கொள்ளலாம். திடலுக்கு வரும் இளைஞரிடம் முதலில் பாதுகாப்பு விதியைச் சொல்வோம்.