காசைக் கரியாக்கும் கலை

நம் மன்றத்து நண்பர் ஒருவர், முதலாண்டு மாணவர், சில வாரங்களுக்கு முன் ஒரு புதிய மிதிவண்டியை என் விடுதி வாயிலில் கொணர்ந்து நிறுத்தினார். முகமெல்லாம் மலர்ச்சி. “அண்ணே, கார்பன் வண்டி! 14,000 ரூபாய்க்கு முடித்துவிட்டேன்” என்றார். ஊரில் அவர் அன்னையார் சீட்டு எடுத்து அனுப்பிய பணம் அது.

அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் ஐயம் விடவில்லை. ஆய்வுக்கூடத்துக் காந்தம் ஒன்று என் மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து வண்டியின் சட்டத்தருகே கொண்டுபோனேன். ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. கார்பன் இழையில் காந்தம் ஒட்டாது. இருவரும் குனிந்து பார்த்தோம். பெரிய வெள்ளை எழுத்தில் ‘கார்பன்’ என்றிருந்தது; அதன் கீழே, கண்ணைச் சுருக்கினாலன்றித் தெரியாத அளவில், ‘ஸ்டீல்’ என்றிருந்தது. மலர்ந்த முகம் வாடியதைச் சொல்லவும் வேண்டுமோ?

மறுநாள் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் சினம் கொள்ளவில்லை, சிரித்தார். “கார்பன் ஸ்டீல் என்றுதானே எழுதியிருக்கிறது? இதில் பொய் எங்கே?” என்று கேட்டார்.

பொய் இல்லைதான். எஃகு என்றாலே இரும்போடு கரி சேர்ந்த பொருள். சாதாரண எஃகில் அது நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவு. மிகுகரி எஃகில் 0.6 பங்குக்கு மேல், ஏறத்தாழ ஒரு பங்கு வரை. இந்தக் கணக்கில் தண்டவாளமும் கார்பன், அரிவாளும் கார்பன். பாட்டி வீட்டு வார்ப்பிரும்புத் தோசைக்கல்லிலோ நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி உண்டு. நம் நண்பரின் மிதிவண்டியைவிடத் தோசைக்கல்லே பெரிய கார்பன்!

ஒருவகையில் சட்டம் இதை அறியும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் உரைப்பதை மட்டும் குற்றமாகக் கொள்ளவில்லை; முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் மயக்கும் விளம்பரமே என்கிறது. 2020-இல் அமைந்த மத்திய ஆணையம் முதல் தவற்றுக்கே 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் செய்தியை மறைத்தார்களா, சிறிய எழுத்தில் சொன்னார்களா என்று வாதாடுவதற்கு, தேர்வை விட்டுவிட்டு எந்த மாணவன் அலையப்போகிறான்? இது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இம்மோகம் இங்கே இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் ‘சைக்கிள் நகரம்’ என்று பெயர் பெற்ற ஊர் புனே. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகி அப்பெயரை விழுங்கின. 2026 ஜனவரியில் புனே கிராண்ட் டூர் என்னும் பன்னாட்டு மிதிவண்டிப் பந்தயம் இம்மாவட்டத்துச் சாலைகளில் நடந்தது. பல நாடுகளின் வீரர்கள் கார்பன் வண்டிகளில் காற்றாய்ப் பறந்தார்கள். சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு வண்டியின்மீது ஆசை பிறக்காமலா இருக்கும்? எனக்கும் பிறந்தது, ஒளிப்பானேன்?

உண்மையான கார்பன் இழை யாது? பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை நாரை முதலில் காற்றில் 200, 300 பாகை வெப்பத்தில் வாட்டி, பின்பு காற்றில்லாத உலையில் 1,000 பாகைக்கு மேல் சுட்டால், கரி மட்டும் மெல்லிய இழையாக எஞ்சும். ஓர் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரோமீட்டர். நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு. இவ்விழைகளை அடுக்கி எப்பாக்ஸிப் பிசினில் தோய்த்து இறுகச் செய்தால் கிடைப்பதே வண்டிச் சட்டத்துக்கு உதவும் பொருள்.

‘எஃகைவிடப் பத்து மடங்கு வலிமை’ என்னும் விளம்பரத்தை எல்லோரும் கண்டிருப்பீர்கள். டி-700 என்னும் பெயர்பெற்ற இழையின் இழுவலிமை 4,900 மெகாபாஸ்கல். கட்டுமானத்துக்கு வழங்கும் எஃகு 400, 500 மெகாபாஸ்கலில் நிற்கும். ஆகவே பத்து மடங்கு என்பது மெய்தான். ஆனால் அது பிசின் சேராத வெறும் இழைக்கு, நீளவாக்கில் இழுத்தால் மட்டுமே மெய். நாரின் இயல்பு நமக்குத் தெரியாததா? மூங்கிலைப் பிளந்து தட்டி முடைந்தவர் எவரும் அறிவர்: நெடுக்கில் அது யானை பலம், குறுக்கில் ஒரு வெட்டரிவாள் போதும். மிதிவண்டிச் சட்டமோ நெடுக்கிலும் இழுபடும், குறுக்கிலும் முறுக்கப்படும், பள்ளத்தில் விழுந்து அதிரும். எனவே இழைகளைப் பல திசைகளில் அடுக்கியாக வேண்டும். எல்லாத் திசையிலும் சமமாக அடுக்கினால் அப்பொருளின் விறைப்பு ஏறத்தாழ 50 கிகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். அலுமினியத்துக்கு 70, எஃகுக்கு 200. விறைப்பில் அலுமினியத்துக்கும் கீழே! எடையைக் கணக்கில் சேர்த்தால்தான் கார்பன் தலைநிமிரும். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம், கார்பன் கலவை 1.6 கிராம். எடைக்கு எடை பார்த்தால் எஃகும் அலுமினியமும் ஏறக்குறையச் சமம்; கார்பன் அவற்றைவிட நூற்றுக்கு இருபது பங்கு மேல், அவ்வளவே. பத்து மடங்கு எங்கே, இருபது பங்கு எங்கே! அதற்கு மேலுள்ள சிறப்பெல்லாம் எந்த இடத்தில் எத்திசையில் எத்தனை அடுக்கு வைப்பது என்று அறிந்த கைத்திறனால் வருவது. அத்திறன் சட்டத்தின்மேல் ஒட்டிய டி-700, டி-1000 என்னும் எண்களில் தெரியாது.

இப்படிச் சொல்வதால் மிதிவண்டியில் கார்பன் வீண் என்று கொள்ளவேண்டா. 1986-இல் கிரெக் லெமாண்ட் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தைக் கார்பன் சட்ட வண்டியில் வென்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்டுமன் தங்கம் வென்ற லோட்டஸ் வண்டியும் ஒரே வார்ப்பாகச் செய்த கார்பன்தான். அவ்வெற்றியில் எடையைவிடக் காற்றை வெட்டும் வடிவத்துக்கும் அவர் குனிந்து அமர்ந்த நிலைக்கும் பங்கு பெரிது. அவ்வடிவத்தை வார்க்க இடம் கொடுத்தது கார்பன். சட்டத்தை இலேசாக்குவது எளிதாகிவிட்ட பின், பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்று உலக மிதிவண்டிச் சங்கமே 2000-ஆம் ஆண்டு முதல் வரம்பு கட்டியிருக்கிறது.

ஆனால் நாம் ஒலிம்பிக்குக்கா போகிறோம்? ஞாயிறுதோறும் சிங்ககட் ஏறும் நம்மவர்களுக்காக ஒரு கணக்கு. மலைப்பாதை ஏறத்தாழ 600 மீட்டர் உயர்கிறது. ஏறுபவர் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊரில் பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியை ஒத்த 18 கிலோ எஃகு வண்டியை விட்டு 8 கிலோ வண்டிக்கு மாறினால், தூக்கவேண்டிய சுமை 83 கிலோவிலிருந்து 73 கிலோவாகும். நூற்றுக்குப் பன்னிரண்டு மிச்சம். ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏழு நிமிடம். இது பெரிய உதவிதான். ஆனால் 9 கிலோ அலுமினிய வண்டியை விட்டு 8 கிலோ கார்பன் வண்டிக்குத் தாவினால்? ஐம்பது விநாடிக்கும் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அதே ஐம்பது விநாடி காசின்றிக் கிடைக்கும். சமதரையிலோ நம்மோடு மல்லுக்கு நிற்பது காற்று. அங்கே ஒரு கிலோவுக்கு வேலையே இல்லை. இந்த ஐம்பது விநாடிக்குப் பெரும்பாலும் இரு மடங்கு விலை கேட்கிறார்கள். மேலும், எஃகுச் சட்டம் முறிந்தால் தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கார்பன் அடிபட்டால் அடுக்குகள் உள்ளுக்குள்ளே பிரிந்திருக்கும். மேலே பளபளப்பு மாறாது. இதை எந்த விளம்பரத்திலும் நான் படித்ததில்லை.

சைக்கிள் வியாபாரி கடுகளவு உண்மையை மலையாக்குகிறார் என்றால், காருக்கு அலங்காரச் சரக்கு விற்பவருக்கு அந்தக் கடுகும் தேவைப்படுவதில்லை. காரிலும் கார்பன் உயிர் காத்ததுண்டு. 1981-இல் மக்லாரன் நிறுவனம் கார்பன் கூட்டோடு பந்தயக் காரைக் களத்தில் இறக்கியது. அவ்வாண்டே இத்தாலியில் மொன்சாவில் ஜான் வாட்சன் ஓட்டிய அக்கார் மோதிச் சிதறியது. எஞ்சின் தனியே பிய்ந்து போயிற்று. அவரோ காயமின்றி இறங்கி நடந்தார். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2013 முதல் 2022 வரை செய்த ஐ3 என்னும் மின்காரின் பயணியர் கூடு முழுவதும் கார்பன் கலவை. அதனால் மின்கலத்தைச் சுமந்தும் அவ்வண்டி 1,195 கிலோவில் நின்றது. அத்துணைப் பெரிய நிறுவனமும் அடுத்து வந்த மின்கார்களுக்கு முழுக் கார்பன் கூட்டைக் கைக்கொள்ளவில்லை.

நானா பேட்டையில் உதிரிபாகக் கடைகளைச் சுற்றி வாருங்கள். கார்பன் இழையின் நெசவை அச்சடித்த ஒட்டுத்தாளைக் காண்பீர்கள். அதை ஒட்டினால் கார் இலேசாகாது. தாளின் எடை கூடும்! மெய்யான கார்பனாலான பக்கக்கண்ணாடி மூடியை வாங்கினாலும் சில நூறு கிராம்தான் குறையும். பின்பெட்டியில் கிடக்கும் பழைய செருப்பை எடுத்தெறிந்தால் அதைவிடக் குறையும். முன்மூடி முழுவதையும் மாற்றி 10 கிலோ குறைத்தாலும், 1,000 கிலோ காரில் அது நூற்றில் ஒன்று. எடை நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் எரிபொருள் ஆறு முதல் எட்டுப் பங்கு மிச்சமாகும் என்பது பொறியாளர் கணக்கு. ஆகவே ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் காரில் மிச்சம் ஆறு லிட்டர் பெட்ரோல், அறுநூறு ரூபாய்ச் சொச்சம். முன்மூடியின் விலையை அதனால் வகுத்துப் பார்த்தால், பேரன் காலத்தில் முதல் திரும்பும்.

“அழகுக்காக வாங்குகிறார்கள், உமக்கென்ன நட்டம்?” என்று சிலர் கேட்கலாம். அழகுக்கு விலை கொடுப்பதில் குற்றமில்லை. பட்டுச் சேலையை அழகுக்காகத்தான் வாங்குகிறோம். ஆனால் இதை உடுத்தால் சமையல் விரைவில் முடியும் என்று எந்தப் பட்டுக்கடையிலும் சொல்வதில்லையே!

இலேசாக்குவதால் யாருடைய சுமை குறைகிறது என்று கேட்டுப் பார்த்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். அக்னி ஏவுகணை 1989-இல் முதன்முறை விண்ணில் பாய்ந்தது. அதற்காக உருவாக்கிய இலேசான கார்பன் கலவையை ஐதராபாத் மருத்துவர் ஒருவர் கண்டு, கால் ஊனமுற்ற குழந்தைகளிடம் அப்துல் கலாமை அழைத்துச் சென்றார். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புத் தாங்கியை இழுத்து நடந்த அப்பிள்ளைகளுக்கு, 300 கிராம் எடையுள்ள தாங்கியைக் கலாமின் குழுவினர் செய்து கொடுத்தார்கள். அங்கே குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு குழந்தையின் கால் அறிந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம்மில் சிலர் அடுத்த ஆண்டு சாக்கனிலோ பிம்பிரியிலோ கார்த் தொழிற்சாலைகளில் அமர்ந்திருப்போம். ‘பத்து மடங்கு வலிமை’ என்று எழுதிய தாள் ஒப்புதல் கேட்டு நம் மேசைக்கு வரும். எதற்குப் பத்து மடங்கு, எத்திசையில் என்று அதன் ஓரத்தில் எழுத அன்று நமக்குத் துணிவு இருக்குமா? கடைக்காரரைப் பார்த்துச் சினந்த எனக்கு, என்னைப் பற்றியே இதில் உறுதி இல்லை.

நண்பரின் வண்டியைக் கடையில் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. வண்டி கெட்ட வண்டியன்று, நன்றாகவே ஓடுகிறது. ‘கார்பன்’ என்னும் எழுத்தை மட்டும் அவர் சுரண்டி எடுத்துவிட்டார். அன்னையாரிடம் இன்னும் சொல்லவில்லை.

மிதிவண்டி வாங்க எண்ணியிருக்கும் புதிய மாணவர்கள் போவதற்குமுன் மன்றத்துக்கு வாருங்கள். என் காந்தமும் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் அதில் குழாய்கள் சேருமிடத்தில் பெரும்பாலும் பற்றவைத்த தழும்பு தெரியும். எடுத்துச் செல்பவர்கள் பதிவேட்டில் பெயரெழுதிவிட்டு, மாலையில் திருப்பி வைத்துவிடவும்.