அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள்?

இளையராஜாவின் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இசையமைப்பாளர் அல்ல. ஓவியர் இளையராஜா! கும்பகோணம் அருகே கிராமத்தில் பிறந்தவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் படித்தவர். 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் வரைந்ததில் ஒரு வகை உண்டு. பழைய வீடு. மரக் கதவு அல்லது தூண். ஒரு பக்கமாக வெயில் விழுகிறது. அந்த வெயிலில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "அடடா, போட்டோ மாதிரியே இருக்கிறதே!" என்பார்கள். அல்லது, "பாவம், யாருக்காகவோ காத்திருக்கிறாள்" என்பார்கள்.

இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

வெயில் எங்கே?

கேமரா தன் எதிரே இருப்பதை எல்லாம் எடுத்துவிடும். ஓவியர், எதை வெளிச்சத்தில் வைப்பது, எதை இருட்டில் விடுவது என்று தாமே முடிவு செய்கிறார். அடுத்த முறை அவள் முகத்தை விட்டுவிட்டு வெயிலைப் பாருங்கள். அது கன்னத்தில் விழுகிறதா? கையிலா? பாவாடை மடிப்பிலா? ஓவியர் உங்களை எங்கே பார்க்கச் சொல்கிறார் என்பது தெரிந்துவிடும்.

சரி, காத்திருக்கிறாளா?

ஆண் தனியாக உட்கார்ந்திருந்தால், "யோசனை செய்கிறார்" என்கிறோம். பெண் உட்கார்ந்தால் ஏக்கம் என்கிறோம். இது என்ன நியாயம்? ஹாலந்து நாட்டில் வெர்மீர் என்ற ஓவியர் சுமார் 1660-ல் ஒரு படம் வரைந்தார். சன்னல் ஓரத்தில் ஒரு வேலைக்காரப் பெண் பால் ஊற்றுகிறாள். அவளும் தனிதான். அவள் கவனம் முழுவதும் பாலின் மேல் இருக்கிறது. அவளைப் பார்த்து யாருக்கும் "பாவம்" என்று சொல்லத் தோன்றாது.

கிராமம் இவ்வளவு அழகா, வியர்வை எங்கே என்று இளையராஜாவைக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எனக்குக் கிராமத்தைவிட நம் ஊர்தான் நினைவுக்கு வருகிறது. மயிலாப்பூரில் முற்றம் வைத்த வீடுகள் பல இடிந்து, அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. தியாகராய நகரில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அங்கே அம்மா தனியாக உட்காரும் நேரம் எது? எல்லாரும் புறப்பட்டுப் போன பிறகு, காலை பத்து மணிக்கு. அப்போதும் குக்கர் கூப்பிடும்!

அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் அவர் வரைந்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். வேலையும் இல்லை, விசாரிக்க ஆளும் இல்லை. அதில் சோகம் எங்கே வந்தது?

சந்தேகம் இருந்தால் அந்தப் படத்தை உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். "இவள் என்ன செய்கிறாள்?" என்று கேளுங்கள். "காத்திருக்கிறாள்" என்று பதில் வராது. பந்தயம் கட்டத் தயார்!