உரிமமும் உரிமையும்: துப்பாக்கி வீட்டுக்குள் வந்த பிறகு

துப்பாக்கி வைத்துக்கொள்ள அரசு தரும் அனுமதிக்குத் தமிழில் வழங்கும் சொல் 'உரிமம்'. 'உரிமை'யும் 'உரிமம்' என்பதும் 'உரி' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 'லைசென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல், 'அனுமதிக்கப்படுதல்' என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கன்னடத்தின் 'பரவானகி', அலுவலக இந்தியின் 'அனுஜ்ஞப்தி' ஆகிய சொற்களும் அனுமதியையே சுட்டுகின்றன. தமிழ்ச் சொல்லோ உரிமையின் ஓசையைத் தன்னோடு சுமந்து வருகிறது. சொல்லை ஆக்கியவர்களின் பிழை அன்று இது. ஆயினும் இந்தியாவில் புதிதாகத் துப்பாக்கி பெறும் ஒருவர், அவர் மொழி எதுவாயினும், தம் சட்ட நிலையைப் புரிந்துகொள்வதில் நேரும் குழப்பத்தை இந்த இரண்டு சொற்களும் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. பெற்றது அனுமதி, பெற்றதாக நினைப்பது உரிமை. அனுமதியோடு சேர்ந்து வரும் கடமையோ பெரும்பாலும் கவனத்துக்கே வருவதில்லை.

துப்பாக்கி குறித்த விவாதம் அமெரிக்காவுக்கு உரியது என்றே இந்தியக் கல்விப்புலம் கருதிவந்திருக்கிறது. 2016 டிசம்பர் 31 வரையிலான உள்துறை அமைச்சகக் கணக்கின்படி நாட்டில் நடப்பில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம். அவற்றில் ஏறத்தாழ 12 லட்சத்து 77 ஆயிரம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. தமிழ்நாட்டின் பங்கு 22 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இவை சிறிய எண்களே. ஆனால் ஒவ்வோர் உரிமத்துக்குப் பின்னும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் உரிமத்தில் பெயரில்லாத மனிதர்களும் குழந்தைகளும் வாழ்கிறார்கள். சட்டத்தின் பார்வை அவர்கள்மீது போதிய அளவு விழவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

முதலில் உரிமை பற்றிய கேள்வி. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் இந்தியர்களிடமிருந்து படைக்கலங்களைப் பறித்து, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. இந்திய மொழி இதழ்களை ஒடுக்கிய சட்டமும் அதே ஆண்டில், அதே லிட்டன் பிரபுவின் ஆட்சியில்தான் வந்தது. ஆகவே ஆயுதம் வைத்திருத்தல் என்பது தேசிய இயக்கத்தின் கண்ணில் தன்மானத்தோடு பிணைந்த கோரிக்கையாயிற்று. 1931ஆம் ஆண்டு கராச்சியில் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதனை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. இன்று நடப்பில் உள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன அடிப்படையிலான விலக்கை ஒழித்தது. ஆனால் ஆயுதத்தை அடிப்படை உரிமையாக்கவில்லை. 2023இல் உரிமமற்ற துப்பாக்கிகள் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவில் உள்ளது போன்ற ஆயுத உரிமை இந்திய அரசியலமைப்பில் எவருக்கும் இல்லை என்று சுட்டிக்காட்டியது.

அப்படியானால் உரிமம் பெற்றவருக்கு உரிமையே இல்லையா? உண்டு. ஆனால் அவை நடைமுறை சார்ந்த உரிமைகள். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 14ஆம் பிரிவு. மறுப்பதாயின் காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும். விண்ணப்பதாரர் கேட்டால், பொதுநலனுக்கு ஊறு நேரும் என்று அதிகாரி கருதினாலன்றி, அவற்றின் சுருக்கத்தைத் தர வேண்டும். மறுப்பையும் ரத்தையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய 18ஆம் பிரிவு வழிவகுக்கிறது. பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படும் உழவருக்கு, வாய்வழியாக மருந்திடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைச் சட்டமே தனியாகக் குறிப்பிடுகிறது. தேர்தல் வந்துவிட்டது என்ற ஒன்றையே காரணமாக்கி எல்லா உரிமதாரர்களையும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்ல முடியாது, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று மும்பை, அலகாபாத் உயர் நீதிமன்றங்கள் கூறியுள்ளன. அதிகாரியின் மனம்போன போக்கிலிருந்து குடிமகனைக் காக்கும் இந்த உரிமைகள் மதிப்பு மிக்கவை. புதிய உரிமதாரர்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டும்.

உரிமம் எதைத் தருவதில்லை என்பதை அறிவது அதைவிட முக்கியம். சுடும் அதிகாரத்தை அது தருவதில்லை. தற்காப்புரிமை என்பது துப்பாக்கி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொதுவானது. பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதை வரையறுக்கின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதலான தீங்கு விளைவிக்கக் கூடாது; காவல்துறை போன்ற பொது அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருக்குமானால் அந்த உரிமையே எழாது. தோட்டத்தில் மாங்காய் திருடி ஓடுபவன்மீது சுடுபவருக்குச் சட்டைப்பையில் இருக்கும் உரிமம் எவ்வகையிலும் கவசமாகாது. திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடுபவருக்கும் அப்படியே. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய கொண்டாட்டச் சூட்டைத் தனிக் குற்றமாக்கி, 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளித்தது.

அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது. எத்தனை, எவ்வளவு காலம் என்பவை பற்றி நாடாளுமன்றம் விவாதித்தது. வீட்டில் எவ்விதம் வைப்பது என்பதோ விதிகளின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், விண்ணப்பதாரர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்றும், பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் வைத்திருக்கவும் உறுதிமொழி தர வேண்டும் என்றும், உடல்நலமும் மனநலமும் குறித்த மருத்துவச் சான்று அளிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. நல்ல விதிகள். ஆனால் உறுதிமொழி என்பது விண்ணப்பக் கட்டோடு சேர்ந்து போகும் தாள்களுள் ஒன்று. மற்றத் தாள்களோடு கையெழுத்தாகி, மற்றத் தாள்களோடு கோப்புக்குள் உறங்கிவிடும் ஆபத்து அதற்கு எப்போதும் உண்டு.

தண்டனைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் சட்டத்தின் முன்னுரிமை புலப்படும். உரிமம் இன்றி ஒரு சாதாரணத் துப்பாக்கியை வைத்திருந்தால், 2019க்குப் பிறகு, பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டு, கூடியது 5 ஆண்டு சிறை. உரிமம் பெற்ற ஒருவர் விதியை மீறி, தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் போட்டுவைத்தால், தனித் தண்டனை வகுக்கப்படாத மீறல்களுக்கான 30ஆம் பிரிவே பொருந்தும்: கூடியது 6 மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உயிர் போன பின்னர் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் வந்து சேரும். அதற்கு முன்பு அன்று. தாள் இல்லாதது பெருங்குற்றம், பூட்டு இல்லாதது சிறு மீறல் என்ற இந்த ஏற்றத்தாழ்வை எந்தப் பாதுகாப்புக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த இயலாது.

பூட்டின் பயன் ஊகத்தின்பாற்பட்டது அன்று. டேவிட் கிராஸ்மனும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2005இல் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கியைப் பூட்டிவைத்தல், தோட்டாவை அகற்றிவைத்தல், தோட்டாவைப் பூட்டிவைத்தல், அதைத் துப்பாக்கியிலிருந்து வேறிடத்தில் வைத்தல் என்னும் நான்கு பழக்கங்களும், தனித்தனியே, சிறார்களின் தற்கொலை மற்றும் தற்செயல் துப்பாக்கிக் காயங்கள் குறைவாக இருப்பதோடு தொடர்புடையவை என்று கண்டது. அமெரிக்கச் சூழல் வேறு, இந்தியச் சூழல் வேறு. ஆனால் குழந்தையின் ஆர்வமும் பதின்பருவத்தின் கொந்தளிப்பும் நாட்டுக்கு நாடு மாறுபவை அல்ல.

இந்திய வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இங்கே பீரோ என்பது குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. பட்டுப்புடவையும் நகையும் நிலப் பத்திரமும் இருக்கும் அதே பீரோவில்தான் துப்பாக்கியும் போய்ச் சேரும். சாவி தலையணைக்கு அடியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் சாவி தொங்கும் பூட்டு, துப்பாக்கியைப் பொறுத்தவரை பூட்டே ஆகாது. துப்பாக்கிக்குத் தனி இரும்புப் பெட்டி வேண்டும். அது சுவரிலோ தரையிலோ பொருத்தப்பட வேண்டும். தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள் எண்ணி வைக்கப்பட வேண்டும். சாவி உரிமதாரரிடம் மட்டுமே இருக்க வேண்டும். உள்ளே வைக்கும்போதும் வெளியே எடுக்கும்போதும் தோட்டா அறையைத் திறந்து, கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 'அதில் தோட்டா இல்லை' என்ற வாக்கியம் நினைவிலிருந்து சொல்லப்படும்போது அது வெறும் நம்பிக்கைதான். பார்த்துச் சொல்லும்போதே அது தகவலாகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அச்சுறுத்தல் இருப்பதால்தான் உரிமம் பெறப்படுகிறது. பூட்டிவைத்த துப்பாக்கி நள்ளிரவில் எப்படி உதவும் என்பதே அது. புறக்கணிக்கத் தக்க கேள்வி அன்று. தொலைவான பண்ணை வீட்டில் வாழ்பவருக்கும் பணம் கொண்டுசெல்லும் வணிகருக்கும் அச்சம் உண்மையானது. ஆனால் அந்நியன் வரும் இரவு வரக்கூடும், வராமலும் போகக்கூடும். வீட்டிலுள்ள குழந்தையோ ஒவ்வொரு நாளும் அதே அறையில் விளையாடுகிறது. விரைவாகத் திறக்கக்கூடிய எண்பூட்டுப் பெட்டிகள் கிடைக்கின்றன. துப்பாக்கி உரிமதாரரின் உடலோடு, அவருடைய முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இல்லையேல் பூட்டுக்குள் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலை எதுவும் தற்காப்பு ஆகாது.

பேசத் தயங்கும் இன்னொன்று தற்கொலை. கடனோ நோயோ இழப்போ ஒருவரை நிலைகுலைக்கும் நேரங்களில், உயிர்பறிக்கும் கருவி கைக்கெட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கிறது. கொந்தளிப்பு பெரும்பாலும் தணியக்கூடியது. துப்பாக்கி மறுவாய்ப்புத் தருவதில்லை. அத்தகைய நேரத்தில் உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் துப்பாக்கியைப் பாதுகாப்புக்காக ஒப்படைத்துவைப்பது, மருந்து வாங்குவதைப் போல இயல்பான செயலாகக் கருதப்பட வேண்டும். குடும்பத்தார் அதைக் கேட்பதும் அவமதிப்பாகக் கொள்ளப்படக் கூடாது.

உரிமதாரர் இறந்துபோனால் என்ன செய்வது என்பதும் பல குடும்பங்கள் அறியாதது. உரிமம் ஆளுக்குரியது, வீட்டுக்கு உரியது அன்று. உரிமதாரர் மறைந்த பின் அவருடைய துப்பாக்கியைப் பரணில் வைத்திருக்கும் குடும்பம், தானறியாமலே சட்டத்துக்குப் புறம்பாகிறது. தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைப்பதே முறை. வாரிசு அதன்பின் தம் பெயரில் உரிமம் கோரலாம். 2016 விதிகள் அதற்கு இடமளிக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. சேமிப்பு உறுதிமொழி, விண்ணப்பதாரர் பேசும் மொழியில், எளிய வாக்கியங்களில் எழுதப்பட வேண்டும். உரிமம் கையளிக்கப்படும்போது அது வாசித்துக் காட்டப்பட வேண்டும். விண்ணப்பதாரரின் நடத்தையை விசாரிக்கச் செல்லும் காவலர், துப்பாக்கி எங்கே வைக்கப்படும் என்பதையும் பார்த்துக் குறிப்பிட வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தலில் அந்தப் பெட்டியும் பூட்டும் மீண்டும் சரிபார்க்கப்பட வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் துப்பாக்கியால் நேரும் தற்கொலைகளைப் பதிவுசெய்கிறது. அத்துப்பாக்கி யாருடையது, எவ்விதம் வைக்கப்பட்டிருந்தது என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக்கொண்டால் ஆய்வாளர்களுக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். சட்டம், பொதுநலம், மொழியியல் ஆகிய துறைகளில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள், அந்தந்த மாநிலத்தில் உறுதிமொழிப் படிவம் எந்த மொழியில், எத்தகைய நடையில் வழங்கப்படுகிறது என்பதைச் சேகரிப்பதிலிருந்தே தொடங்கலாம்.