ஒலிக்கலவைப் பலகையும் அதனை ஆளும் செவியும்

கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு விழா, இசை அரங்கேற்றம், திருமண வரவேற்பு ஆகிய எந்த வைபவமாயினும் ஒலிபெருக்கியின்றி நடைபெறுதல் இக்காலத்தில் அரிது. வைபவம் முடிந்து வீடு திரும்புவோர் பாடியவரைப் பற்றிப் பேசுவர். சொற்பொழிவாற்றியவரைப் பற்றிப் பேசுவர். பந்தலையும் பலகாரத்தையும் பற்றியும் பேசுவர். மண்டபத்தின் ஒரு மூலையில் மேசையொன்றின் முன் அமர்ந்து, வரிசை வரிசையான குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒலி கெட்டாலன்றி அவர் நினைவு எவர்க்கும் வருவதில்லை. ஆயினும், பல மாதம் பயின்று மேடையேறும் ஒரு சிறுமியின் பாட்டு, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அவளுடைய பாட்டியாரின் செவிக்கு எட்டுமா, எட்டாதா என்பதைத் தீர்மானிப்பவர் அவரே.

அவர் முன்னிருக்கும் கருவியே மிக்சர் என வழங்கும் ஒலிக்கலவைப் பலகை. முன்னர் வாடகைக்கு அமர்த்தப்பட்டவரே இதனைக் கையாண்டார். இன்றோ பாடசாலைகளும் கோயில்களும் சனசமூக நிலையங்களும் இதனைத் தாமே வாங்கி வைத்துக்கொள்கின்றன. இயக்கும் பொறுப்பு ஓர் ஆசிரியர் மீதோ உயர்வகுப்பு மாணவர் ஒருவர் மீதோ விழுந்துவிடுகிறது. நம் வாசகர் இல்லங்களிலும் அத்தகையோர் இருப்பர் ஆதலின், இவ்வாரம் அக்கருவியின் இயல்பையும் அதனை ஆளும் முறையையும் நோக்குவோம்.

குமிழ்களைக் கண்டு மலைத்தல் வேண்டா

முதன்முறை பார்ப்பவர்க்கு மிக்சர் அச்சந் தருவது இயல்பே. நூற்றுக்கு மேற்பட்ட குமிழ்கள் அதில் இருத்தல் கூடும். ஆயினும் சற்று உற்று நோக்கின், மேலிருந்து கீழாகச் செல்லும் ஒரே வகையான பட்டை பலமுறை அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு பட்டையும் ஒரு சனல். ஒவ்வொரு சனலுக்கும் ஓர் ஒலிவாங்கி. ஒரு சனலை அறிந்தவர் பன்னிரண்டையும் அறிந்தவராவர். இலண்டன் அபே றோட் ஒலிப்பதிவுக்கூடத்தில் 1968ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட புகழ்பெற்ற பலகை 24 ஒலிவாங்கிகளை ஏற்க வல்லது. அதற்கும் நம் ஊர்ச் சனசமூக நிலையத்து எட்டுச் சனல் மிக்சருக்கும் அடிப்படை ஒன்றே: பல ஒலிகளைத் தனித்தனியே ஏற்று, திருத்தி, அளவறிந்து, ஒன்றாகக் கலந்து அனுப்புதல்.

துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த காலத்தை முதியோர் நினைவுகூர்வர். கிணற்றிலிருந்து வரும் நீர் வாய்க்கால் வழியே ஓட, ஒருவர் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். அங்கே ஒரு கிணற்று நீர் பல பாத்திகளுக்குப் பிரிகிறது. இங்கே பல கிணறுகளின் நீர் ஒரு வாய்க்காலிற் சேர்கிறது. எனினும் இரண்டிலும் பயிலவேண்டியவை இரண்டே: எவ்வளவு இறைப்பது, எவ்வளவு விடுவது.

கெயினும் பேடரும்

சனலின் உச்சியிலுள்ள குமிழுக்குக் ‘கெயின்’ என்று பெயர். எவ்வளவு இறைப்பது என்பதை அதுவே வரையறுக்கிறது. ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னலை மிகமிகச் சிறியது. ஓர் உவோல்ற்றின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே இருக்கும். மிக்சர் அதனை ஏறக்குறைய ஓர் உவோல்ற்றளவுக்கு, அதாவது ஆயிரம் மடங்கு வரை, பெருக்கவேண்டியிருக்கிறது. கெயின் குறைவாயின் ஒலியுடன் இரைச்சலும் கலந்து வரும். மிகுதியாயின் அலையின் முகடுகள் வெட்டுண்டு குரல் கரகரக்கும்; சிவப்பு விளக்கு எரிந்து அதனை அறிவிக்கும்.

சனலின் அடியில், விரலால் மேலும் கீழும் நகர்த்தும் பிடியே ‘பேடர்’. எவ்வளவு விடுவது என்பதை வரையறுப்பது இது. புதியவர் பலர் கெயினை எழுந்தமானமாகத் திருகி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பேடரினாற் சரிசெய்ய முயல்வர். அது பயன் தராது. அடிப்பிடித்த பாலைச் சிறு குவளையில் ஊற்றிக் கொடுத்தாலும் தீய்ந்த மணம் நீங்குமா? கெயினிற் கெட்ட ஒலி பேடரைக் குறைப்பதனால் திருந்துவதில்லை; மெதுவாகக் கெட்டுக் கேட்கும், அவ்வளவே.

ஆகவே முதலிற் கெயினையே ஒழுங்குசெய்தல் வேண்டும். பாடகரை மேடைக்கு அழைத்து, “ஹலோ, ஒன்று, இரண்டு” என்று சொல்லச் செய்தல் போதாது. கச்சேரியில் எவ்வளவு உரத்துப் பாடுவாரோ அவ்வளவு உரத்துப் பாடச் செய்தல் வேண்டும். அப்போது அளவுகாட்டி 0 என்னும் குறியை அண்டி ஆடலாம். சிவப்பு விளக்கு எரிதல் ஆகாது. சபையைக் கண்டதும் குரல் உயரும் ஆதலின் சிறிது இடம் விட்டுவைத்தல் நன்று.

பேடரின் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள 0 என்னும் எண் பலரை மயக்குவதுண்டு. அது ஒலியின்மையைக் குறிப்பதன்று. கூட்டாமலும் குறைக்காமலும் உள்ளவாறே அனுப்பும் நிலையைக் குறிப்பது. ஒலியற்ற நிலை அடியில் இருக்கிறது. அங்குள்ள எண்கள் தெசிபெல் என்னும் அளவைச் சேர்ந்தவை. தொலைபேசியைத் தந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல் அவர்களின் பெயரால் அமைந்த அளவு அது. 0 குறியின் அருகே பேடரைச் சிறிது நகர்த்தினால் ஒலி சிறிதே மாறும். அடிப்பகுதியில் அதே தூரம் நகர்த்தினால் பெரிதும் மாறிவிடும். எனவே கெயினைச் சரியாக அமைத்து, பேடர் 0 குறியின் அண்மையில் நிற்கும்படி செய்தால், நுட்பமாக இயக்குவது எளிதாகும்.

கூட்டுதலினும் குறைத்தலே சிறப்பு

கெயினுக்கும் பேடருக்கும் இடையே உள்ளவை ஈக்குவலைசர் எனப்படும் நாதத்தைத் திருத்தும் குமிழ்கள். தாழ்ந்த ஒலி, நடுத்தர ஒலி, உயர்ந்த ஒலி என்பனவற்றை வேறுவேறாகக் கூட்டவும் குறைக்கவும் இவை உதவும். இவற்றுடன், செக்கனுக்கு ஏறத்தாழ 80 அல்லது 100 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டவற்றை வடிகட்டும் ஒரு பொத்தானும் இருக்கும். பெண்கள் குரலிலும் சிறுவர் குரலிலும் அதற்குக் கீழே பொருளுள்ள ஒலி யாதும் இல்லை; மேடையில் நடக்கும் காலடி ஓசையும், மூச்சுக் காற்றின் மோதலும், மின்விசிறியின் உறுமலுமே உண்டு. ஆகவே அவர்கள் சனல்களில் அப்பொத்தானை அழுத்திவிடலாம். ஆழ்ந்த நாதமுடைய மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கு அது வேண்டா.

பேச்சு விளங்கவில்லை என்று சபையோர் முறையிட்டால், ஒலியை மேலும் பெருக்குவதே பலரும் செய்வது. அது பெரும்பாலும் பிழையான மருந்து. பேச்சில் உயிரெழுத்துக்கள் வலிமையைத் தருகின்றன. மெய்யெழுத்துக்களே பொருளைத் தருகின்றன. மெய்களின் தெளிவு பெரும்பாலும் செக்கனுக்கு 2,000 முதல் 4,000 அதிர்வு வரையான பகுதியில் அமைந்துள்ளது. தாழ்ந்த ஒலி மண்டபமெங்கும் முழங்கும்போது அத்தெளிவு அமுங்கிப்போகிறது. தாழ்ந்த பகுதியைச் சிறிது குறைத்தாலே போதும். சொற்கள் தாமாக எழுந்து நிற்கும். குறையொன்றைக் கண்டவிடத்து, எதனைக் கூட்டலாம் என்று எண்ணுமுன் எதனைக் குறைக்கலாம் என்று எண்ணுவதே இத்தொழிலின் முதற்பாடம்.

இசைக்கச்சேரியில் இப்பாடம் மேலும் வேண்டப்படுகிறது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், தம்புரா ஆகியவை சிறு மண்டபமொன்றில் ஒலிக்கின்றன என்று கொள்வோம். மிருதங்கத்தின் ஓசை ஒலிவாங்கியின்றியே பின்வரிசை வரை செல்லக்கூடியது. அதனையும் பெருக்கினால் பாடகியின் குரல் மறையும். குரலை உயர்த்தினால் வயலின் மறையும். வயலினை உயர்த்தினால் மிருதங்க வித்துவான் தமக்கு ஒன்றுங் கேட்கவில்லை என்பார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரையும் உயர்த்தி, அரைமணி நேரத்தில் மண்டபம் அதிரும் நிலை வந்துவிடும். குரலை முதலில் நிலைநிறுத்தி, ஏனையவற்றை அதன் நிழலில் வைத்தலே முறை. குரல் கேட்காதபோது குரலை உயர்த்தாமல் மற்றவற்றை ஒரு படி இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக அவர் முன் வைக்கப்படும் சிறு ஒலிபெருக்கிக்கு மொனிற்றர் என்று பெயர். அதற்குச் செல்லும் ஒலியை ‘அக்ஸ்’ என்னும் குமிழ் அளந்து அனுப்புகிறது. பேடருக்கு முன்னிருந்தே அவ்வொலியை எடுக்குமாறு அமைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால், சபைக்காகப் பேடரை ஏற்றினாலும் இறக்கினாலும் பாடுபவர் கேட்கும் ஒலி மாறாது. அவர் மனம் கலங்காமற் பாடுவார்.

ஊளையின் காரணம்

ஒலிபெருக்கி திடீரென ஊளையிட, சபையோர் காதைப் பொத்திக்கொள்ளும் காட்சி யாவரும் அறிந்ததே. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை மீண்டும் ஒலிவாங்கிக்குட் புகுந்து, பெருகி, மறுபடியும் ஒலிபெருக்கி வழியே வெளிவந்து, சுற்றிச் சுற்றி வளர்வதே இதன் காரணம். இதனை ஆராய்ந்த தென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி சோரன் லார்சன் அவர்களின் பெயரால் இது லார்சன் விளைவு எனப்படுகிறது.

இதனைத் தடுக்கும் வழிகள் பெரும்பாலும் மிக்சருக்கு வெளியிலேயே உள்ளன. ஒலிபெருக்கிகள் ஒலிவாங்கிகளுக்கு முன்னால், சபையை நோக்கி நிற்றல் வேண்டும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 6 தெசிபெல் மிகும். எந்தக் குமிழையும் திருகாமற் கிடைக்கும் இலாபம் இது. பயன்படாத ஒலிவாங்கிகளை மூடிவிடுதல் வேண்டும். திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் தொகை இருமடங்காகுந்தோறும், ஊளையின்றிப் பெருக்கக்கூடிய எல்லை 3 தெசிபெல் குறைகிறது. ஒருவர் பேச நான்கு ஒலிவாங்கிகள் திறந்திருந்தால் 6 தெசிபெல் வீணே போய்விடும். ஒலிவாங்கியின் வலைத்தலையைக் கையாற் பொத்திப் பிடிப்பதும் தவறு. முன்புறத்து ஒலியை மட்டும் ஏற்குமாறு அமைந்த ஒலிவாங்கி, அவ்வாறு பொத்துவதனால் எப்புறத்து ஒலியையும் ஏற்பதாகிவிடும்.

காதுகளைக் காத்தல்

குடும்பத்தார் யாவரும் அறியவேண்டிய செய்தியொன்றுண்டு. உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேற் கேட்டல் தகாது என்றும், அதன்மேல் ஒவ்வொரு 3 தெசிபெல்லுக்கும் அந்நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் வகுத்துள்ளது. இக்கணக்கின்படி 100 தெசிபெல் ஒலிக்கு உரிய நேரம் 15 நிமிடமே. உலக சுகாதார நிறுவனமும் 2022ஆம் ஆண்டில், இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 100 தெசிபெல்லைத் தாண்டலாகாது என்று விதந்துரைத்தது. ஒலிபெருக்கியின் அருகே குழந்தைகளை அமர்த்தும் பெற்றோரும், அதனை உரக்க வைப்பதே வைபவத்துக்கு அழகென எண்ணும் ஏற்பாட்டாளரும் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

கருவிகளை இயக்கும்போது முதலில் மிக்சரையும் இறுதியில் அம்பிளிபயரையும் போடுதல் வேண்டும். நிறுத்தும்போது முதலில் அம்பிளிபயரை நிறுத்துதல் வேண்டும். இம்முறை தவறினால் எழும் பேரதிர்ச்சி ஒலிபெருக்கியைப் பழுதாக்கக் கூடும். சிலவகை நுண்ணிய ஒலிவாங்கிகளுக்கு மிக்சரிலிருந்தே 48 உவோல்ற்று மின் செல்லவேண்டும். அதற்கான பொத்தானை அழுத்துமுன் அச்சனலை மூடிவிடுக. வெறும் மண்டபத்திற் செய்த ஒழுங்கு, சனம் நிறைந்தபின் அப்படியே பொருந்தாது; மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும் ஆதலின் முதல் ஐந்து நிமிடம் மீண்டுங் கவனித்துத் திருத்துதல் வேண்டும்.

யாவற்றிலும் முக்கியமானது மிக்சரை வைக்கும் இடம். மேடைத் திரையின் பின்னே அதனை வைத்துவிட்டால் இயக்குபவர் சபை கேட்பதைக் கேட்க இயலாது. உப்புப் பாராமற் சமைப்பது போன்றது அது. சபையின் நடுவிலோ பின்புறத்திலோ வைத்தலே தகும். இயலாதவிடத்து, இடையிடையே எழுந்து கடைசி வரிசைக்குச் சென்று கேட்டு வருதல் வேண்டும். இன்றைய புதிய மிக்சர்களை, கையிலுள்ள திரைப்பலகையால் மண்டபத்தின் எப்பகுதியில் நின்றும் இயக்கலாம். ஆயினும் கருவி எத்துணைப் புதிதாயினும் எது குறைவு, எது மிகுதி என்று தீர்ப்பது மனிதச் செவியே.

இப்பொறுப்பை ஏற்கும் இளைஞர்கள் ஒன்றை நினைவிற் கொள்க. உரத்த குரலுடையவர்க்கு உங்கள் துணை அதிகம் வேண்டியதில்லை. மெல்லிய குரலுடைய குழந்தையும், முதுமையால் நா தளர்ந்த பெரியவரும், முதன்முறை மேடையேறி நடுங்குபவருமே உங்களை நம்பி நிற்பவர்கள். அவர்கள் சொல் தெளிவாக எட்டுமாறு மற்றவற்றைத் தணித்து வைப்பீர்களாயின், ஒலிபெருக்கி ஒன்று இருந்ததையே சபை மறந்துவிடும். அந்த மறதியே உங்களுக்குக் கிடைக்கும் பாராட்டு.